கலைமதி நிறுத்திய பிரிண்ட்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த விதைக் கம்பெனி ஆபீசில் இதுவரை ஒருவரைக்கூட வேலையைவிட்டு அனுப்பியதில்லை. எல்லாரும் தாமாகவே போனவர்கள்தான். காகிதம் அப்படித்தான் சொல்லும். மேனேஜர் சந்திரமோகன் கூப்பிட்டுப் பேசுவார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்ற கடிதம் ஆபீசிலேயே தயாராகும். கையெழுத்து வாங்கியதும் சால்வை போர்த்தி, கையில் மிக்சர் பொட்டலத்தைக் கொடுத்து, போட்டோவும் எடுப்பார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்த அந்த முகங்கள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன.

அந்தக் கடிதங்களை அடித்துக் கொடுக்கிற வேலை கலைமதிக்கு. பொம்மிடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். புருஷன் தர்மன் போர்வெல் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பு முறிந்து வீட்டோடு கிடக்கிறான். இவள் சம்பளம் நின்றால் அடுப்பும் நின்றுபோகும். அதற்காக யாரிடமும் குழைந்து பேசுகிற ஆள் இல்லை. "உள்ள போம்மா" என்று கத்திய கண்டக்டரை, "எடம் எங்கங்க இருக்குது, வந்து காட்டுங்க" என்று கூட்டத்துக்குள் இழுத்துவிட்டவள்.

அன்று காலை மேனேஜர் மேசைமேல் புதுச் சால்வை இருந்தது. யாருக்கென்று எல்லாரும் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கலைமதியைக் கூப்பிட்டார்.

"மச்சினிச்சி பொண்ணு பி.காம் முடிச்சுட்டு வூட்ல சும்மா இருக்குதும்மா. உனக்கும் வூட்டுக்காரரப் பாத்துக்கணும். உன் லெட்டர நானே அடிச்சுட்டேன், உனக்கு எதுக்குச் சிரமம்னு."

"நான் போறேன்னு எப்பங்க சார் சொன்னேன்?"

"எல்லாரும் பேசாம கையெழுத்துப் போட்டாங்க. உனக்கு மட்டும் என்னவாம்?"

பதிலுக்குக்கூடக் காத்திராமல் கம்ப்யூட்டரில் பிரிண்ட் தட்டிவிட்டார். அந்த ஆபீசுக்கே இருப்பது ஒரே லேசர் பிரிண்டர். அதுவும் வெளியே, கலைமதியின் மேசையை ஒட்டி. தட்டிவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துப் பழகிய மனுஷர், அன்றைக்கும் வழக்கம் தவறாமல் அதையே சொன்னார்: "எடுத்துட்டு வாம்மா."

கலைமதி வெளியே வந்தாள். பிரிண்டர் முனகிக்கொண்டே முதல் தாளை இழுத்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே போய்விட்ட தாள் மட்டும் சூடாக வந்து விழுந்தது. மிச்சப் பிரதிகள் ரத்தாகிவிட்டன. தாளில் தன் பெயரைப் பார்த்தாள். அதைத் திருப்பி, பின்பக்கம் எழுத வைத்திருக்கும் ரஃப் தாள்களோடு போட்டாள்.

"என்னம்மா, வரலையா?"

"வராதுங்க சார். நிறுத்திட்டேன்."

அவர் மறுபடி அனுப்பினார். அவள் மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை ஒரு தாளும் வரவில்லை. டிரைவர் அன்பு சிரிப்பை அடக்கமாட்டாமல் தண்ணீர் குடிக்கப் போனான். சந்திரமோகன் எழுந்தே வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு நிறுத்துன?"

"என் பேருல வர்ற லெட்டருங்க. நான் யாரக் கேக்கணும்?"

"கம்பெனி நெனச்சா உன்ன நிறுத்த முடியாதா?"

"நிறுத்துங்க, வேணாங்கல. ஆனா நீங்க நிறுத்துனதா எழுதுங்க. மச்சினிச்சி பொண்ணுக்கு எடம் வேணும்னு காரணத்தையும் போட்டு, கீழ உங்க பேரு போட்டு அனுப்புங்க. அத நான் நிறுத்த மாட்டேன். நானே எடுத்துட்டு வந்து கையெழுத்துக்கு வெக்கறேன்."

அவர் அறைக்குள் போனார். கீபோர்டு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் நின்றது. அந்தக் கடிதம் வந்துவிட்டால் வீட்டுச் சோற்றுக்கு என்ன வழி என்று கலைமதிக்குத் தெரியாது. வரட்டும், பொய் சொல்லிக்கொண்டு மட்டும் போகமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வரைக்கும் அவர் அறையிலிருந்து எதுவும் பிரிண்டுக்கு வரவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நேரே மேனேஜர் அறைக்குள் போனாள்.

"இந்தச் சால்வை எனக்கு வாங்குனதுதானுங்களே?"

அவர் வாயைத் திறக்குமுன்பே அதை எடுத்து வந்து, உறையைப் பிரித்து உதறி, பிரிண்டருக்குப் போர்த்திவிட்டாள்.

"தூசி படாம இருக்கட்டுங்க சார். காலையில நான் வந்து எடுத்துக்கறேன்."