லண்டனிலிருந்து திருவிடந்தை வரை

டெல்லிபாபு அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் கலா செவ்வாய்க்கிழமை காலை போனில் சொன்னாள். "தூக்கத்திலேயே அத்தை, சிரமப்படல." அழுதேன். ஆனால் மத்தியானத்துக்குள் அவரை நினைத்து நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு இது வினோதமாக இருக்காது.

எழுபதுகளில் மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் நான் வரவேற்பு மேஜையில் இருந்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை அழைத்து வருவது அவருடைய அம்பாசடர்தான். அதுவரை அவர் விமானம் ஏறியதே இல்லை. ஆனால் வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "ஹௌ மெனி மைல்? ஹௌ மெனி அவர்?" சிட்னியும் பாரிஸும் அவருக்கு மதுராந்தகம் மாதிரி.

என் கல்யாணம் திருவிடந்தைக் கோயிலில். வியாழக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். லண்டனில் வேலை பார்த்த என் அண்ணன் சேகர், புதன் காலை பத்து மணிக்குக் கிளம்புவதாகத் தந்தி அடித்திருந்தான். அப்பா விரல்விட்டு எண்ணினார். "பம்பாய்க்கு ஒன்பது மணி நேரம். சாயங்காலம் ஏழுக்கு இறங்கிடுவான். ராத்திரியே இங்க வந்துடுவான்."

டெல்லிபாபு தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா நைனா நீ! அங்க பத்துன்னா இங்க மூணரை. நாலாயிரத்தி ஐந்நூறு மைலு கீது. நடுவுல ரெண்டு எடத்துல எறங்கி ஏறும். பம்பாய்க்கே விடிகாலம் ஆவும். மெட்ராஸு வர ஒம்போதாயிடும்."

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. சேகர் வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று நான் அழுதேன். "அழுவாத தங்கச்சி. தாலியப் பத்து மணிக்கு மேல வச்சிக்கச் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா சேகருக்கு வாங்கிய பட்டு வேட்டியை அவரிடம் கொடுத்தனுப்பினார்.

வியாழக்கிழமை பத்து மணியும் தாண்டியது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பத்தேகாலுக்கு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரன் சத்தம். சேகர் இறங்கினான்: மேலே கோட்டும் டையும், கீழே பட்டு வேட்டி. கேளம்பாக்கம் தாண்டும்போது ஓடுகிற வண்டியிலேயே கட்டிக்கொண்டானாம். "ஐயரே, மேளத்த கொட்டச் சொல்லு!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே டெல்லிபாபு ஓடி வந்தார். மண்டபமே சிரித்துக்கொண்டிருக்கும்போது என் கழுத்தில் தாலி ஏறியது.

எழுபது வயதுக்கு மேல்தான் அவர் விமானம் ஏறினார், சிங்கப்பூரில் கலா வீட்டுக்கு. இறங்கியதும் எனக்குப் போன். "ஆயிரத்தி எண்ணூறு மைலு, தங்கச்சி. நாலே அவரு. நாஸ்தா துன்னு முடிக்கறதுக்குள்ள எறக்கி வுட்டாங்க. ஒரே பேஜாரு!" பெண்ணை இன்னும் தூரமாகக் கட்டிக்கொடுத்திருக்கலாம் என்று வேறு அவருக்கு வருத்தம்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு கல்யாணப் படம். அதில் நாங்கள் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். ஓரத்தில் நிற்கும் டெல்லிபாபு அண்ணன் மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.