பஸ்ஸில் ஏறாத கூடை: ஹபீபா நினைவாக

"டீச்சர், நெட்டுல போற மெசேஜ் திடீர்னு சாதா எஸ்எம்எஸ்ஸா மாறிப் போகுதே, அது ஏன்?"

ஹபீபா என்னிடம் இதைக் கேட்டபோது அவருடைய ரீசார்ஜ் கடை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அப்படி மாறினால் மெசேஜின் நிறமும் மாறும்; மீனவர் ஊரான ஜெகதாப்பட்டினத்தில் அது சின்ன விஷயம் இல்லை. கடலுக்குப் போன கணவனின் செய்தி திடீரென்று வேறு நிறத்தில் வந்தால், இலங்கை நேவி போட்டைப் பிடித்துவிட்டது, போன் இப்போது வேறு யார் கையிலோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியான செல்வி அன்று அப்படித்தான் அழுதுகொண்டு வந்திருந்தாள்.

கேள்வி கேட்ட ஹபீபா இன்று இல்லை. போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவருடைய தம்பி மனைவி என்னைப் போனில் கூப்பிட்டு, "அக்கா கடைக்குள்ள விழுந்து கெடக்குறாங்க டீச்சர்" என்றார். ஓடினேன். ஆம்புலன்சில் நானும் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே முடிந்துவிட்டது. பக்கவாதம் என்றார்கள். விழுந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த முதல் நாளுக்குத் திரும்புகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போனோடு வரும் மெசேஜ் ஆப், இரண்டு பக்கமும் நெட் இருந்தால் செய்தியை நெட் வழியாக அனுப்பும். படித்தாரா என்பதும் தெரியும். ஒரு பக்கம் நெட் இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். பிறகு அதே செய்தியைப் பழைய எஸ்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்பும். அதற்கு டவர் மட்டும் இருந்தால் போதும். கரையைவிட்டு விலக விலக முதலில் அறுந்துபோவது நெட்தான்.

பெண்களுக்குப் பிடிபடவில்லை. ஹபீபா என்னைக் கையமர்த்தினார். "ஐஸ் வண்டி வரலைன்னா மீன் கூடையை டவுன் பஸ்ஸுல ஏத்தி விடுறோமா இல்லையா? கூடையும் அதுதான், மீனும் அதுதான். ஐஸ் மட்டும் இருக்காது. அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டுத் தன் போனில் நெட்டை அணைத்து, செல்விக்கு 'சோறு தின்னியா' என்று ஒரு செய்தி அனுப்பினார். அது நிறம் மாறிப் போய்ச் சேர்ந்தது. "இப்ப என்னைய எவனாச்சும் புடிச்சுட்டுப் போயிட்டானாடி? ஒன் முன்னாலதானே நிக்கிறேன்." அழுதுகொண்டிருந்த செல்வி சிரித்துவிட்டாள். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் நான் அத்தனை வருடம் தேடியும் இப்படி ஓர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. போட் கிளம்பும் நாட்களில் ஆட்கள் டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றி, ஹபீபாவின் கடைக்கு வந்து போனை நீட்டுவார்கள். நெட் இல்லாதபோது செய்தியை எஸ்எம்எஸ்ஸாக மாற்றும் பொத்தான் செட்டிங்கில் இருக்கிறது. அது போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்து, "பஸ் ஓடுது, போயிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுப்பார்.

ஒருமுறை அந்த பஸ்ஸில் வந்தது 'புடிச்சுட்டாங்க' என்ற ஒரே சொல். அனுப்பியது செல்வியின் கணவர்தான். அவர் திரும்பி வந்து சேரும்வரை, தினமும் கடையைச் சாத்தியதும் ஹபீபா செல்வி வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார். அப்போது என்னிடம் ஒன்று சொன்னார். "நல்ல சேதிய மட்டும் ஏத்துற பஸ்ஸு எங்கிட்டும் இல்ல டீச்சர். ஆனா வந்துருச்சுல்ல. வராம இருந்தாத்தான் பயம்."

செவ்வாய்க்கிழமை காலைக்கு வருகிறேன். அதை எழுதாமல் இந்த அஞ்சலியை முடித்தால் அது பொய்.

அன்று புதிதாகச் சில பெண்கள் கடைக்கு வந்திருந்தார்கள். ஹபீபா வழக்கம்போல் விளக்கி முடித்தார். இன்னோர் எடுத்துக்காட்டும் சேர்க்கலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. மாற்றும் பொத்தானையே அணைத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் காட்டுங்கள் என்றேன். அவர் தன் போனில் அதை அணைத்தார். நெட் அணைத்திருந்த என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். அது வரவே இல்லை. "பாத்தீங்களா, பஸ்ஸுலயும் ஏத்தலைன்னா கூடை ரோட்டுலயே கெடக்கும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நெட்டைத் திரும்பப் போடாமலே திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெட்டை அணைத்துவிட்டுப் படுப்பது என் பழக்கம்; அன்று அது காலையிலிருந்தே அணைந்திருந்தது. "டீச்சருக்கு மத்தியானம் பஸ்ஸுதான்" என்று ஹபீபாவே கேலி செய்வார்.

ஆஸ்பத்திரி வாசலில், ஊருக்குச் சொல்லலாம் என்று நெட்டைப் போட்டேன். காலையில் அவர் அனுப்பிய செய்தி வந்தது. அதன் கீழே இன்னொன்றும் வந்தது: 'டீச்சர் கை வரல பேச்சு வரல வாங்க'. அனுப்பிய நேரம் மதியம் ஒன்றே முக்கால். வாய் பேச முடியாததால் யாரையும் போனில் கூப்பிட முடியவில்லை. தம்பி கடலில் இருந்தார், தம்பி மனைவி சந்தைக்குப் போயிருந்தார். பக்கத்தில் இருந்தவள், இரண்டு தெரு தள்ளி, நான்தான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தலைமாட்டில் இருந்த போனில் டவர் முழுதாக இருந்தது.

காலையில் அணைத்த பொத்தானை அவர் திரும்பப் போடவில்லை. போடச் சொல்லி நானும் நினைவுபடுத்தவில்லை. பாடம் முடிந்ததும் பலகையை அழித்துவிட்டு வெளியே வர வேண்டும் என்பது ஆசிரியர் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது. அன்று அழிக்காமல் வந்தேன்.

செல்வியிடம் இதைச் சொன்னேன். அவள் என் போனை வாங்கி அந்தச் செய்தியைப் படித்தாள். பிறகு, "நாளைக்குப் போட் போகுது டீச்சர். போனை யாரு பாக்குறது?" என்றாள்.

இப்போது நான் பார்க்கிறேன். ஹபீபாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலையும், நான் அழிக்காமல் வைத்திருக்கும் அந்தச் செய்தியும்தான். பொத்தான் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு போனையும் இரண்டு முறை பார்க்கிறேன். "பஸ் ஓடுது" என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படித்தவர்கள் இப்போதே உங்கள் மெசேஜ் ஆப்பின் செட்டிங்கைத் திறந்து, எஸ்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்பும் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.