ஒரே அண்டாக் கூழ்

1986 பஞ்சாயத்துத் தேர்தலில் பொன்னியம்மா வாங்கியது நாற்பத்தோரு ஓட்டு. அவள் வீட்டில் கூழ் குடித்தவர்கள் இருநூறு பேருக்கு மேல்.

சென்னீர்குப்பத்தை ஒட்டிய அந்தக் காலனியில் ஆடி மாதம் நாலு வீட்டார் தனித்தனியே கூழ் ஊற்றுவார்கள். அந்தத் தேர்தலில் பொன்னியம்மா உட்பட, வீட்டுக்கொருவராக நாலு பேர் வார்டு மெம்பருக்கு நின்றார்கள். சொம்போடு வந்தவர்கள் நாலு வாசலிலும், "உனக்குத்தான் ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நால்வரும் நம்பினார்கள். ஓட்டு சிதறியது, காலனிக்கு வெளியே இருக்கும் மேட்டுத் தெருக்காரர் ஜெயித்தார்.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகும் பஸ் காலனி முனையில் நிற்காது. பொன்னியம்மா அங்கே ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லித் தனியாக மனு கொடுத்தாள், "பார்க்கலாம்" என்றார்கள். 1996 ஆடியில், இன்னொரு நாள் தாமதமாக வந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மறுபடி தேர்தல் பேச்சு கிளம்பிய நேரம் அது. போன தடவை நின்ற நால்வரில் ஒருவனான, கொழுந்தன் முறையான வீராசாமியைப் பிடித்தாள்.

"இன்னா வீராசாமி, இந்தத் தபாவும் நாலு பேரா நின்னு மேட்டுத் தெருவுக்கே குடுத்துடலாமா?"

"அப்ப நீ ஒதுங்கிக்கோ அண்ணி."

"ஒதுங்கறேன். நீயும் ஒதுங்கு. கூழே ஊத்தாத ஒருத்திய நிறுத்துவோம்."

தெருக்கோடியில் துணி தைக்கும் ஜெயகுமாரியைச் சொன்னாள். சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் ஆடிதோறும் நாலு வீட்டுக்கும் வெங்காயம் உரித்துத் தருபவள். மற்ற இரண்டு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனார்கள்.

"அக்கா, எனக்கு வெங்காயம் உரிக்கத்தான் தெரியும்!" என்றாள் ஜெயகுமாரி.

"ஆபீஸ்காரங்க கண்ணுல தண்ணி வர அது போதும்டி."

"என் தெரு லைட்டு இன்னா ஆவறது?" என்று வீராசாமி முறுக்கிக்கொண்டான். இன்னொருவருக்குச் சாக்கடை. பேசிப் பேசி, முதலில் பஸ், அடுத்து லைட்டு, பிறகு சாக்கடை என்று முடிவானது. விட்டுக்கொடுத்தவர்கள் ஜெயகுமாரிக்காக ஓட்டுக் கேட்க வேண்டும். ஜெயித்த பிறகு அவளை நிறுத்திக் கேள்வியும் கேட்க வேண்டும். அந்த ஆடியில் நாலு வீட்டுக்கும் ஒரே அண்டாதான்.

"கொடிதான் இல்ல, மத்தபடி இதுவும் கட்சிதான் அண்ணி" என்றான் வீராசாமி.

ஜெயகுமாரி ஜெயித்தாள். பஞ்சாயத்துத் தீர்மானத்தோடு காலனியே பஸ் டிப்போவுக்குப் போனது. முதல் நாள் பஸ் நின்றபோது, ஏறுவதற்கு முன் பொன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். தன் பஸ்ஸுக்காக வெயிலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு அலைந்த வீராசாமி டீக்கடையில் நின்றிருந்தான். அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடு இருக்கட்டும் அண்ணி, என் லைட்டு?"

தெரு விளக்குத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது.