ஆயிரம் ஸ்கூட்டி அம்மாவுக்காக விருத்தாசலம் போய் வந்தேன்

மன்னிக்கவும், மணி பதினொன்றே முக்கால். என் குட்டி மகள் நிலா இப்போதுதான் தூங்கினாள். அவள் முழித்திருக்கும்போது லேப்டாப்பைத் திறந்தால் நேராக வந்து கீபோர்டில் உட்கார்ந்துவிடுவாள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெரிய இலக்கு வை, சுவரில் எழுதி ஒட்டு என்று யூடியூபில் கோட் போட்டுக்கொண்டு பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அடுத்த நிமிஷமே ஏதாவது கோர்ஸ் விற்பார்கள். ஆனாலும் இந்தக் கோடையில் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் நானே ஒரு தாள் ஒட்டினேன்: ‘நவராத்திரிக்கு ஆயிரம் ஸ்கூட்டி அம்மா.’ ஹெல்மெட் போட்ட அம்மா, முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை, பக்கத்தில் தொங்கும் ஸ்கூல் பை. கொலுவில் வைக்க நானே வரைந்து களிமண்ணில் செய்த பொம்மை அது. புதுச்சேரியில் ஒரு கடை போட்டு ஆயிரத்தையும் விற்க வேண்டும். தாளைப் பார்த்த என் கணவர் சரவணன், “நூறு போதாதா?” என்று மட்டும் கேட்டார். அவ்வளவு மென்மையாகக் கேட்டதே எனக்குச் சந்தேகம்தான்.

மூன்று வாரம் முன்பு அவர்தான் என் மாதிரி பொம்மையை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தார். சோதனைக்கு ஒன்று சுட்டு வைத்திருப்பதாகப் போன் வந்தது. இன்று, செவ்வாய்க்கிழமை, நிலாவையும் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் காலை 6.40க்கு பஸ். டிக்கெட் ஐம்பது ரூபாய், நிலாவுக்கு வாங்கவில்லை. குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். வலது பக்கம் உட்காராதீர்கள், திரும்பி வரும்போதும் அதே பக்கம் வெயில் அடித்தது. எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வடலூரில் ஒருமுறை நிலா வாந்தி எடுத்தாள். பிளாஸ்டிக் பை, மாற்றுத்துணி இரண்டும் மடியிலேயே இருக்கட்டும்.

விருத்தாசலத்தில் இறங்கியதும் ஆட்டோ. நூற்றிருபது கேட்டார், எண்பதுக்கு வந்தார். சுற்றி அழைத்துப் போகிறாரோ என்று மேப்பைத் திறந்து கையில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, பாப்பாவ வச்சிக்கிட்டு உங்கள எங்க கடத்திட்டுப் போவப் போறேன்? அந்தப் போனு சொல்ற ரோட்டுல பள்ளம் தோண்டி வச்சிருக்காங்க. வேணும்னா அதுலயே வுடட்டா?”

வேண்டாம் என்றேன். மேப்பை மட்டும் மூடவில்லை.

பட்டறை ஒரு நீளமான ஷெட். ஒரு ஓரம் முழுக்க அகல் விளக்குகள், சுடாமல் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. ஓனர் மேசைமேல் என் பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் என்னமோ சரியில்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். (ஆமாம், ஸ்கேலோடுதான் போனேன்.) நான் செய்து கொடுத்தது பதினைந்து சென்டிமீட்டர். இது பதின்மூன்றும் கொஞ்சமும்.

“மண்ணக் கொறச்சிட்டீங்க,” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “பதினைஞ்சு அளவுக்குப் பெட்டியெல்லாம் அடிச்சு வச்சிட்டேன்.”

ஓனர் பதில் சொல்வதற்குள் பின்னால் யாரோ சிரித்தார்கள். விளக்கு அச்சில் களிமண் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்த பெண். என் வயதுதான் இருக்கும். பெயர் கலா, பெண்ணாடம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாராம்.

“யக்கா, மண்ண நாங்க திங்கல. நெருப்பு தின்னுச்சு.”

அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈர விளக்கையும் சுட்ட விளக்கையும் அருகருகே வைத்துக் காட்டினார். அம்மாவும் பிள்ளையும் மாதிரி இருந்தன. காயும்போது கொஞ்சம், சுடும்போது மீதி, சுருங்கத்தான் செய்யுமாம். “பதினஞ்சு வேணும்னா பதினேழு செஞ்சு கொண்டாரணும். இத யாருமே சொல்லலையா? பெட்டி வேற அடிச்சிட்டீங்களா?” மறுபடி சிரிப்பு. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குள் நிலா இன்னும் சுடாத ஈர விளக்கு ஒன்றைப் பிடித்து நசுக்கிவிட்டாள். நான் பதறிப் போனேன். கலா அதை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். “வுடுக்கா, சுடாத வரைக்கும் மண்ணுதான். திரும்பக் கரைச்சிக்கலாம்.”

அப்போதுதான் ஓனர் சொன்னார். “பதினேழுலயே இன்னொரு அச்சு எடுத்துடலாம்மா. நூறுக்கு ஒண்ணு போதும்.”

“நூறா?”

“சார் அப்படித்தானே சொல்லிட்டுப் போனாரு. நல்ல யோசனைதாங்க. முதல்ல வித்துப் பாருங்க.”

வெளியே வந்து சரவணனுக்குப் போன் போட்டேன். “நீ ஏமாந்துடக் கூடாதுன்னுதான்டா…” என்றார். யாரிடம் ஏமாறுவேன், பொம்மையிடமா? வைத்துவிட்டேன்.

கலா டீ குடிக்க வெளியே வந்தார். நானே கேட்டேன், “நூறு பண்ணினா தப்பா?”

“தப்புன்னு யாரு சொன்னா? நூறுன்னா வெளக்கு அடுக்குற வண்டியில சந்து பொந்துல சொருவி சூளைக்குள்ள அனுப்புவோம். ஒடஞ்சா ஒடஞ்சதுதான், யாரும் எண்ண மாட்டாங்க. ஆயிரம்னா பத்து அச்சு, தனி மேசை, தனி ஆளு. பொம்மையில அந்தப் பாப்பா கை மெல்லிசா இருக்குது பாருங்க, அது நூத்துக்குப் பத்தாவது ஒடஞ்சு போவும். ஆயிரம் கையில வேணும்னா ஆயிரத்தி எரநூறு ஊத்தணும்.”

எனக்கு உடனே பொறி தட்டியது. “உங்க ஓனர் சொல்லச் சொன்னாரா?”

“அவருதான் நூறுன்னு சொல்றாரே! உங்க காதுல விழலையா?” கலா டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்குத்தான்க்கா ஆதாயம். ரெண்டு வருசமா வெளக்குலயே நிக்கிறேன். பொம்மை மேசை ஒண்ணு தனியா குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். பெரிய ஆர்டர் வரட்டும் பாக்கலாம்ன்றாரு. நீங்க ஆயிரம்னா அந்த மேசை எனக்கு. எங்க வூட்லயும், ஒனக்கெதுக்கு மேசை, கூலி வருதில்லன்னுதான் கேக்கறாங்க.”

இன்றைக்கு முழுக்க என்னிடம் பேசியவர்களில், தனக்கு என்ன கிடைக்கும் என்று வாயைத் திறந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் என் நல்லதுக்கு என்றே சொன்னார்கள். நூறு என்று எழுதியிருந்தால் இந்த அச்சு, மேசை, கை உடைவது எதையுமே நான் கேட்டிருக்க மாட்டேன். ஆயிரம் என்று எழுதிய தாள்தான் என்னை பஸ் ஏற்றியது. கோட் போட்டவர்களை இன்னமும் நம்பவில்லை. அந்தத் தாளைக் கொஞ்சம் நம்புகிறேன்.

பத்து அச்சா ஒன்றா என்று புதன் காலைக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த மேசை வேறு வேலைக்குப் போய்விடும் என்றார் ஓனர். மதியம் 1.15 பஸ்ஸில் திரும்பினோம். இரவு எட்டு மணிக்குச் செய்தி அனுப்பினேன்: “பத்து அச்சு. ஆயிரத்து இருநூறு. கலா பார்க்கட்டும். புது மாதிரி சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.” “சரிங்கம்மா” என்று வந்தது. அது சலிப்பா சந்தோஷமா என்று நாலு முறை படித்துப் பார்த்தேன். சரவணன் சாப்பிட்டுவிட்டு, நான் திரும்ப வாங்கி வந்த பதினைந்து சென்டிமீட்டர் மாதிரிக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பதினேழுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். இதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: குழந்தையோடு போனால் மாஸ்க் கட்டாயம், காய்ந்த மண் தூசி நிறைய பறக்கிறது. சாப்பாடு பஸ் ஸ்டாண்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு என்ன அளவு வரும் என்று முதலில் கேளுங்கள். பெட்டியைக் கடைசியில் அடியுங்கள்.

எனக்கு ஒரு உதவி. ஆயிரம் பீங்கான் பொம்மைகளை விருத்தாசலத்திலிருந்து கடலூருக்கு உடையாமல் எப்படிக் கொண்டுவருவது? சின்ன வேனா, ரயில் பார்சலா, வைக்கோலா, பேப்பரா? கொண்டுவந்த அனுபவம் உள்ளவர்கள் மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமை மறுபடி போகிறேன். அதற்குள் பதில் போடுங்கள்.