வெட்டிய நான்கு நிமிடம்

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் தியேட்டர் ஆபரேட்டர் தன் அறையின் சின்னச் சதுரக் கண்ணாடியில் வாயால் ஊதி, சட்டை நுனியால் இரண்டு முறை துடைப்பார். அதற்கப்புறம்தான் படம் ஓடும்.

அந்த வாரப் படத்தில், கல்யாணமான ஒருவன் இன்னொருத்தியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். எல்லை தாண்டவில்லை. கடைசி நான்கு நிமிடம் மனைவி எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் வாய் திறப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

"என்னதான்யா சொல்ல வர்றான்?" என்று ஜனங்கள் கத்தினார்கள்.

முதலாளி மாடியேறி வந்தார். "கருத்தும் இல்ல, முடிவும் இல்ல. எதையாவது வெட்டி விடுப்பா."

ஆபரேட்டர் அந்த நான்கு நிமிடத்தையே வெட்டினார். டிக்கெட் கொடுக்கும் பெண்ணோடு இடைவேளைதோறும் பேசிப் பேசி அவருக்கும் மனசு தடுமாறியிருந்த நேரம் அது. அந்தக் காட்சியைத் தினமும் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, அந்தப் படத்துல அவன் கடைசியில பொண்டாட்டிகிட்ட சொல்லிடுறானா?"

"அதெல்லாம் இல்ல. வீட்டுக்கு வர்றான், முடிஞ்சிடுது. கருத்தாவது, கத்திரிக்காயாவது!"

"சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

டிக்கெட் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் சொல்லிவிடலாம், நாளை, நாளை என்றே பதினோரு வருடம் ஓடிவிட்டது. மனைவியும் போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில், அந்த நாளில் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவரும் இருந்தார். அவர்தான் சொன்னார்: "அண்ணி அந்தப் படத்த முதல் நாளே முழுசா பாத்தாங்களேண்ணே. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."