ஒரே வலை, இரண்டு தண்ணீர்

2010-ஆம் ஆண்டு. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் சிதம்பரத்தில் கடல் உயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் நான்தான். "மீனப் பத்திப் படிக்கறதுக்கு ஒரு காலேஜா?" என்று என்னைக் கேலி செய்யாதவர்களே கிடையாது.

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி சாதாரணமானது. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் மீன்பிடிக்க விடாத வாய்க்காலில் வாழும் கொடுவா மீன் என்ன தின்கிறது? எந்நேரமும் வலை விழுகிற எங்கள் ஊர் முகத்துவாரத்துக் கொடுவா என்ன தின்கிறது? கல்லூரி மூலம் வனத்துறை அனுமதி கிடைத்தது. வலை போடுவதற்கு அப்பா இருந்தார்.

பிடித்த மீனை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில்தான் கொண்டுபோவேன். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே டிக்கெட் கொடுப்பார்.

வயிற்றை அறுத்துப் பார்த்தால், காட்டு மீனுக்குள் இறால், நண்டு, மடவைக் குஞ்சு, காரப்பொடி என்று கல்யாண விருந்தே இருந்தது. எங்கள் ஊர் மீனில் கொஞ்சம் சின்ன இறால். பல வயிறுகள் காலி. பெரிய மீனுக்குச் சின்ன மீன், அதற்கு அதைவிடச் சின்னது என்று ஒன்றை நம்பி ஒன்று வாழ்கிறது. நடுவில் இருப்பதை நாம் அள்ளிவிட்டால் பெரியது பட்டினி கிடக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில், முகத்துவாரத்தில் சின்னக் கண்ணி வலை போட அனுமதிக்கலாமா என்று முடிவெடுக்க ஊர்க்கூட்டம் கூடியது. அனுமதி கேட்டவர் வேறு யாருமில்லை, அம்மாவின் அண்ணன், என் மாமா. அந்த வலையில் பங்கு சேர்வதாக அப்பாவும் வாக்குக் கொடுத்திருந்தார். மீன் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வாசலே அதுதான்; சின்னக் கண்ணியில் விரல் அளவுக் குஞ்சுகூடத் தப்பாது. ஆனால் எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. தூரத்தில் நின்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்பா எழுந்தார். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத மனிதர்.

"எம் பொண்ணு இங்க பேச முடியாது. அது கண்டுபுடிச்சத நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, நான் சொன்ன அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு படகுக்காரர் விடவில்லை. "வலையில மாட்டுனா மீனு கக்கிடும், வயிறு காலியாத்தான் இருக்கும். இதுகூடவா தெரியாது?" கூட்டம் சிரித்தது.

அப்பா அசரவில்லை. "கக்கும்தான். ஆனா ரெண்டு எடத்துலயும் வலை போட்டது நானு. ஒரே வலை, ஒரே விடிகாலை நேரம். அந்தத் தண்ணி மீனு கக்குனதுக்கு அப்புறமும் வயித்துல வச்சிருக்கு. நம்ம மீனுக்குக் கக்கறதுக்கு என்னா இருக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது. மாமா எழுந்தார். "எங்கூட சேர்றேன்னு சொன்னியே மச்சான்?"

"சொன்னேன். இப்ப மாட்டேங்கறேன். குஞ்ச அள்ளிட்டா நாளைக்கி ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

முகத்துவாரத்தில் சின்னக் கண்ணி வலை கூடாது என்று கூட்டம் முடிவெடுத்தது. மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அந்த வருடப் பொங்கலுக்கு அண்ணன் சீர் வரவில்லை என்று அம்மா அழுதார். அப்பா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "மீன் கக்கியிருக்காதா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் பதிலை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

நான் தேறிய செய்தி ஊருக்குத் தெரிந்த மறுநாள் மாமா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பெரிய கொடுவா. அம்மாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"அறுக்காம கொண்டாந்திருக்கேன். என்னா தின்னுருக்குன்னு நீயே பாத்துச் சொல்லு" என்றவர், அப்பா பக்கம் திரும்பி, "சோறு இருக்கா மச்சான்?" என்றார்.

இன்று நானும் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆனாலும் சொந்த மச்சானை எதிர்த்து நின்று என் படிப்பை ஊர் நடுவே எடுத்துச் சொன்ன அப்பாவின் மகள் என்பதில் இருக்கிற பெருமை, எந்தப் பட்டத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.