இளஞ்சிவப்புச் சோளம்

கோவில்பட்டிக்காரன் தன் ஹாம்ஸ்டருக்குத் தீனி கலப்பதை முதன்முதலில் பார்த்தபோது, யாருக்கோ சத்துமாவு அரைக்கக் கொடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். பழைய செய்தித்தாளை விரித்து, கம்பு, தினை, உடைத்த கோதுமை, தோல் உரித்த பூசணி விதை என்று தனித்தனியாகக் குவித்திருந்தான். கல்லையும் வண்டையும் பொறுக்கி எறிந்தான். துருவிக் காயவைத்த கேரட் கடைசியில் சேரும். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, வறுக்கக் கூடாது. சூரியகாந்தி விதை அதிகம் போனால் கொழுப்பு வைத்துவிடும் என்று அதை மட்டும் எண்ணிப் போட்டான். பிறகு டப்பாக்களில் நிரப்பி, தேதி எழுதி ஒட்டினான். பழைய டப்பா தீராமல் புதியதைத் திறக்கமாட்டான். கம்பெனியில் உதிரி பாகங்களுக்கு அதுதான் விதி.

வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அந்த மாடி அறை. அவன், அதே கம்பெனியில் அதே லைனில் நின்ற தேனிக்காரன், நான் என்று மூன்று பேர். நான் பன்னிரண்டு ஆண்டுகள் நிருபராக இருந்தவன். எங்கள் பதிப்பை மூடிய பிறகு, ஒரு தொழிற்சாலையின் ஊழியர்களுக்கான மாத இதழைத் தயாரிக்கும் வேலைக்கு வந்திருந்தேன்.

வீட்டுக்காரருக்கு ஹாம்ஸ்டரைக் கண்டாலே ஆகாது. நிலம் தொழிற்பேட்டைக்குப் போகும்வரை பயிர் வைத்தவர். மாடிக்கு வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்.

"இன்னா தம்பி, எலிக்கு சீமந்தமா? தட்டு தட்டா பரப்பி வெச்சிக்கினு கீற. எங்கப்பாரு எலிக்கு கிட்டி வெச்சாரு. நீ தொட்டில் கட்டு."

தேனிக்காரனின் கேலி வேறு வகை. இருவருக்கும் ஒப்பந்தம் ஒரே மாதத்தில் முடிய இருந்தது. லைனில் ஒருவரைத்தான் நீட்டிப்பார்கள் என்று பேச்சு. யாரை என்பது சூப்பர்வைசர் மேடத்தின் கையில் இருந்தது. மேடத்தின் மகளும் ஒரு ஹாம்ஸ்டர் வளர்த்தாள். அது தெரிந்த நாளிலிருந்து கோவில்பட்டிக்காரன் ஒவ்வொரு கலவையிலும் அவளுக்கென்று ஒரு டப்பா கட்டினான்.

"காக்கா புடிக்கிறவய்ங்களப் பாத்துருக்கேன். எலியக் காட்டி காக்கா புடிக்கிறவன இப்பத்தேன் பாக்குறேன்" என்பான் தேனிக்காரன்.

"ஒனக்கு ஏம்ல எரியுது? நீயும் ஒரு டப்பா கட்டு."

ஒரு வாரம் டப்பாவை வாங்கிப் பார்த்த மேடம், மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கிறது, கடைப் பாக்கெட்டில் கலர் கலராக இருக்கும், மகள் இதைப் போடவே மாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிட்டார். அவன் அந்த வாரம் முழுவதும் கலரைப் பற்றியே பேசினான். மஞ்சள் தடவலாமா, பீட்ரூட் சாற்றில் ஊறவைக்கலாமா என்று என்னிடம் கேட்டான். ஞாயிறு காலை மொட்டைமாடியில் தானியம் காயவைத்தபோது வீட்டுக்காரரிடமும் கேட்டான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். கீழே மோட்டார் கொட்டகைக்குப் போய், ஒரு சொம்பு நிறைய மக்காச்சோளம் கொண்டுவந்தார். ஒவ்வொரு மணியும் பளபளவென்று இளஞ்சிவப்பு.

"இந்தா. கடைல கூட இந்த கலரு கெடைக்காது. போடு, ஜோரா துன்னும்."

அவன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். பெற்றோர் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளை. பயிர் வைத்த குடும்பம் இல்லை. விவசாய வீட்டில் பிறந்த தேனிக்காரன் சொம்புக்குள் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோவில்பட்டிக்காரன் கீழே இறங்கியதும் அது என்ன சோளம் என்று கேட்டேன்.

"வெதை சோளம் சார், மருந்து போட்டது. நெலம் இருந்தப்போ வாங்குனது, அப்டியே கெடந்துது" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "எலியத் தூக்கிப் போடுடான்னா கேக்க மாட்றான். அவங்கையாலயே போடட்டும். நமக்கு பாவமில்லே பாரு."

அவர் நினைத்தது அறையில் இருந்த ஹாம்ஸ்டரை மட்டும். மேடத்தின் மகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

ஒருவர் சொன்னதை இன்னொரு இடத்தில் சரிபார்க்காமல் எழுதக்கூடாது என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை கொட்டகைக்குப் போய்ச் சாக்கைப் பார்த்தேன். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மருந்து பூசிய விதை. உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. அருகே மண்டையோட்டுப் படம். திரும்பி வந்து தேனிக்காரனிடம், டப்பா மேடம் வீட்டுக்குப் போகுமே என்றேன்.

"போகட்டுமேண்ணே. எலிதான சாகப்போகுது, ஆளா?" என்றவன், சட்டையை மாட்டிக்கொண்டே, "சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க. நான் ஒண்ணும் ஒங்க வாயப் பொத்தல" என்றான்.

மேடத்துக்கு டப்பா கொடுப்பது வியாழக்கிழமை. செவ்வாயன்று கோவில்பட்டிக்காரனோடு ஷேர் ஆட்டோவில் படப்பை வரை போனேன். தொடை தொடையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். நீட்டிப்பு கிடைத்தால் தங்கையை நர்சிங்கில் சேர்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தான். புதனன்று டப்பாவின் மேல் ரிப்பன் கட்ட நான்தான் முனையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினேன். அதைவிட மரியாதையான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இப்போதுதான் கடை டப்பா மாதிரி இருக்கிறது என்று சொன்ன மேடம், நீட்டிப்புப் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தாராம். வியாழன் மாலை எங்களுக்கு அவன் பரோட்டா வாங்கிவந்தான். தேனிக்காரன் நான்கு சாப்பிட்டான்.

மகளின் ஹாம்ஸ்டர் வெள்ளிக்கிழமை செத்தது. சனிக்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன் மேடம் அவனை மொத்த லைனுக்கும் முன்னால் நிற்கவைத்தார். மேடம் கேட்டதை அன்று மாலை தேனிக்காரன் குரல் மாற்றி நடித்துக் காட்டினான். "ஒரு எலிக்குத் தீனி குடுக்கத் தெரியல. உன்னை நம்பி நான் எப்படிப்பா பார்ட்டை வெளியே அனுப்புறது?" நீட்டிப்புப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

கோவில்பட்டிக்காரன் சாப்பிடவில்லை. பூசணி விதையில் பூஞ்சையா, கேரட் சரியாகக் காயவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"வெயிலு பத்தலையோ என்னமோடா" என்று தேனிக்காரன் அவன் முதுகைத் தடவினான்.

ஞாயிறு காலை அவனுக்கு ஒரு வழி தோன்றியது. கம்பெனியில் புகார் வந்தால், அதே லாட்டில் எடுத்துவைத்த சாம்பிளைச் சோதிப்பார்கள். அதே கலவை அறையில் இன்னொரு டப்பாவில் திறக்காமல் இருந்தது. தன் ஹாம்ஸ்டர் அதைத் தின்பதை வீடியோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினால், குறை தன் மேல் இல்லை என்று தெரிந்துவிடும்.

"அண்ணே, நீங்க எடுங்க. நான் தீனி போடுதேன். டப்பா மேல தேதி தெரியணும்."

போனை வாங்கிக்கொண்டேன். தேதி தெரிந்தது. ஹாம்ஸ்டர் கம்பைத் தள்ளிவிட்டு முதலில் சோளத்தைத்தான் எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கன்னப் பைக்குள் திணித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தது. தேனிக்காரன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். நான்கு நிமிடம் எடுத்தேன். நல்ல வெளிச்சம்.

மேடம் மாலையில் பதில் அனுப்பினார். மகள் வேறு எதையோ கொடுத்திருப்பாள் போல, மன்னித்துக்கொள், பட்டியலில் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். கோவில்பட்டிக்காரன் அதைச் சத்தமாகப் படித்தான். தேனிக்காரன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

திங்கள் காலை கூண்டின் மூலையில் ஹாம்ஸ்டர் விறைத்துக் கிடந்தது. அவன் அதை உள்ளங்கையில் எடுத்து, வாயைச் சுற்றியிருந்த ஈர மயிரைப் பார்த்தான். சாயம் இறங்கி இளஞ்சிவப்பாக இருந்தது. மிச்சச் சோளத்தில் ஒரு மணியை எச்சில் தொட்டுத் தன் விரலில் தேய்த்தான். விரலும் சிவந்தது.

"மேடத்துக்கு இதையும் போட்டோ எடுத்து அனுப்பவா?" என்றான் தேனிக்காரன்.

"அனுப்பு. வீட்டுக்காரர் சோளம் குடுத்தப்ப பக்கத்துல நின்னது யாருன்னும் சேத்து அனுப்பு."

தேனிக்காரன் அனுப்பவில்லை. மாதக் கடைசியில் பெட்டியோடு ஊருக்குப் போனான்.

அந்தத் திங்கள் காலை தேனிக்காரன் ஷிப்டுக்கு இறங்கிய பிறகு, கோவில்பட்டிக்காரன் என் பக்கம் திரும்பினான்.

"ஒங்களுக்கும் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"எப்ப?"

"போன திங்கக்கிழமை."

விரலில் கணக்குப் போட்டான். "அப்ப வீடியோ எடுக்கும்போதும் தெரியும்."

நான் தலையசைத்தேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஹாம்ஸ்டரைச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கம்பெனி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"மேடம் கேட்டா உயிரோட இருக்குன்னே சொல்லுங்க" என்றான். "வீடியோல அது நல்லாத்தான இருக்கு."